கிராம சபையில் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டுமானால்

கிராம சபையில் மைக்கைப் பிடித்து விவரமாகப் பேசிவிட்டு வந்தும், ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை என்றால், முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது தீர்மானப் பதிவேட்டை. பெரும்பாலும் நீங்கள் கேட்டது அதில் இருக்காது. இருந்தாலும், "பொதுமக்கள் குடிநீர் வசதி கேட்டனர், ஆவன செய்யப்படும்" என்று ஒற்றை வரியாக இருக்கும். அந்த வரியை வைத்து ஓவர்சியர் (ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர்) மதிப்பீடு போட முடியாது, பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் அனுமதி தர முடியாது, ஊராட்சி காசோலை எழுத முடியாது. எங்கே, என்ன, எவ்வளவு, எந்த நிதி, எப்போதுக்குள் என்கிற ஐந்தும் எழுத்தில் இருந்தால்தான் கோப்பு நகரும். அந்த ஐந்தையும் எப்படி ஏற்றுவது, ஏற்றிய பிறகு எப்படி விடாமல் பிடிப்பது என்று பார்ப்போம்.

எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது, 2022-ல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயிற்று. பண்டிகை, தேர்தல் என்று தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2024-ல் தீபாவளி விடுமுறையால் நவம்பர் 1 கூட்டம் 23-ஆம் தேதிக்குப் போனது. ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாமல் அறிவிப்பைப் பாருங்கள். ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். தண்டோரா போடுவதை 2022-ல் அரசு தடைசெய்துவிட்டதால் இப்போது ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ, அலுவலகச் சுவரில் ஒட்டும் தாள், வாட்ஸ்அப் என்றுதான் தகவல் வருகிறது. மூன்றாவது மட்டும் வந்து முதல் இரண்டும் வராத ஊர்களில் செல்போன் இல்லாத வயதானவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அப்படி நடந்தால் அதையே கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அழைப்பிதழ் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. தலைமை வகிப்பவர் ஊராட்சி மன்றத் தலைவர். 2019 இறுதியில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அப்படி மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் கூட்டம் நடக்கும். மன்றம் இல்லை என்பதற்காகக் கிராம சபையை நிறுத்திவைக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தவர்கள் இல்லாத நேரத்தில்தான் ஊர்க்காரர்கள் கூடுதலாக வர வேண்டியிருக்கிறது. மேசையின் ஓரத்தில் வேறு துறையைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பற்றாளர். கூட்டம் விதிப்படி நடந்ததா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவரை ஒரு பார்வையாளர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், பின்னால் அவர் தேவைப்படுவார்.

இடம் ஒரே தெருவிலேயே நிலைத்துவிடக் கூடாது. குக்கிராமங்களுக்குள் சுழற்சி முறையில் மாற வேண்டும். மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்றும் தெளிவான அறிவுரை இருக்கிறது. இது மிக முக்கியமான விதி. கோயில் வாசலில் நடக்கும் கூட்டத்துக்குக் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து தைரியமாக உட்காருவார்கள் என்று யோசித்தால் காரணம் விளங்கும். பள்ளி வளாகம், சேவை மையக் கட்டடம், சமுதாயக் கூடம், பொதுத் திடல், இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த கூட்டம் எந்தக் குக்கிராமத்தில் என்பதை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுத வைத்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் இருக்காது.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேராவிட்டால் தீர்மானம் செல்லாது. அதனால்தான் சில இடங்களில் கூட்டம் முடிந்தபிறகு நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் கோரிக்கை நிலைக்க வேண்டுமென்றால் அந்த வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். தெருவிலிருந்து பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் முடியும்போது கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, மொத்தம் இத்தனை பேர் என்று எண்ணில் மட்டுமல்லாமல் எழுத்திலும் குறிக்கச் சொல்லிப் பற்றாளரிடம் கேளுங்கள்.

போவதற்கு முன்: அது யாருடைய சொத்து?

கிராம சபையில் வீணாகும் நேரத்தில் பாதி, ஊராட்சிக்குச் சம்பந்தமில்லாததை ஊராட்சியிடம் கேட்பதில் போகிறது. தெருச் சாலை ஊராட்சிச் சாலையாக இருக்கலாம், இரண்டு ஊராட்சிகளை இணைப்பது ஒன்றியச் சாலையாக இருக்கலாம், பேருந்து போகிற பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். ஒன்றியச் சாலையில் ஊராட்சி தன் நிதியைப் போட்டால் தணிக்கையில் தடை எழுதுவார்கள். நீர்நிலையும் அப்படித்தான். ஊருணி, குட்டை போன்றவை ஊராட்சியின் பராமரிப்பில் இருக்கும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி, கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. பட்டா வருவாய்த் துறை, ரேஷன் கடை உணவுத் துறையும் கூட்டுறவும், மின்கம்பம் மின்வாரியம். தெருவிளக்கில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கும் அதன் கரண்ட் பில்லும் ஊராட்சியுடையவை.

குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை, ஊராட்சிச் சாலை, மயானம் ஆகியவை நேரடியாக ஊராட்சியின் கடமை. இவற்றுக்குத் தீர்மானத்தில் "செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று வர வேண்டும். மற்றவற்றுக்கு "இன்ன துறையைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று வர வேண்டும், நகல் எந்த அலுவலருக்குப் போக வேண்டும் என்பதும் சேர்ந்து வர வேண்டும். ஊராட்சியின் அதிகாரத்துக்கு மீறிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சொல் சரியாக அமைவது நல்லது.

கேட்டுக்கொள்வது என்றால் பலமில்லாதது என்று நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் 2024 நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் போட்டன. சுரங்கத்துக்கு அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ ஊராட்சியின் கையில் இல்லை. மக்கள் போராட்டம், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் என்று தொடர்ந்து, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊரின் எதிர்ப்பு தேதியோடும் கையெழுத்தோடும் முதலிலேயே அரசுப் பதிவேட்டில் இருந்தது அந்தப் போராட்டத்துக்குப் பெரிய ஆதாரம்.

மனு: ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

கூட்டப் பொருள் நிரல் பெரும்பாலும் மேலிருந்து வரும்: வரவு செலவு, குடிநீர், டெங்கு தடுப்பு, நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள் என்று. உங்கள் விஷயம் கடைசியில் "இதர பொருட்கள்" என்பதில்தான் விழும். அந்த இடம் வருவதற்குள் வெயில் ஏறி, பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அதனால் கூட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பே எழுத்து மனு கொடுத்து, பொருள் நிரலில் தனிப் பொருளாகச் சேர்க்கக் கேளுங்கள். மனுவைத் தலைவர் பெயருக்கு, மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பெயருக்கு எழுதி, ஊரில் கிளார்க் என்று கூப்பிடுகிற ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்புங்கள். ஒரே ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஊராட்சி விஷயத்துக்கு "கிராம ஊராட்சி" என்று பதவிப் பெயரில் உள்ளவருக்கே போக வேண்டும். மாற்றி அனுப்பினால் அதே கட்டடத்துக்குள்ளேயே மனு சில வாரம் சுற்றும்.

மனுவில் அளவு இருக்க வேண்டும். தெருவில் குழாய் கேட்கிறீர்கள் என்றால், கடைசிக் குழாய் இருக்கும் இடத்திலிருந்து தெருக்கடைசி வரை எத்தனை மீட்டர் என்று நாடாவைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நாடா இல்லையென்றால் செல்போன் வரைபடத்தில் தூரம் பார்க்கலாம், ஐந்து பத்து மீட்டர் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை. வீடுகளை எண்ணுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை ஒரு வாரம் தொடர்ந்து குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆனது. "தண்ணியே வரல" என்பதற்கும், "ஏழு நாளில் மூன்று நாள் வரவில்லை, வந்த நாளில் குடத்துக்கு ஆறு நிமிடம்" என்பதற்கும் மேசையில் நிறைய வித்தியாசம் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டால் பிரச்சினை எங்கே என்றும் தெரியும். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 120 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர், 26,400 லிட்டர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை ஒரு தடவை நிரப்பினால் போதும். தொட்டி ஒரு நாளைக்கு ஒரு தடவை நிறைந்தும் உங்கள் தெருவுக்கு எட்டவில்லை என்றால் குறை தண்ணீரில் இல்லை, வழியில் இருக்கிறது: தாழ்வான தெருவில் வால்வு முழுக்கத் திறந்துகிடக்கலாம், வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சலாம், குழாய் கசியலாம். அப்போது கேட்க வேண்டியது புதுப் போர் (ஆழ்துளைக் கிணறு) அல்ல, தெருவுக்கு ஒரு வால்வும் முறைவைத்துத் திறப்பதும்தான். புதுப் போர் கேட்டால் பல லட்சத்துக்கு மதிப்பீடு போகும், நிதிக்குக் காத்திருக்கும். வால்வு என்றால் ஊராட்சியின் சொந்த நிதியிலேயே முடிந்துவிடும்.

படிவம் 30: அந்த பிளக்ஸை நின்று படியுங்கள்

கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30-ல் மக்கள் பார்வைக்கு வைத்து, படித்து, ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலும் பிளக்ஸாக அச்சடித்துக் கட்டியிருப்பார்கள். எழுத்து சின்னதாக இருக்கும், உயரத்தில் இருக்கும். அரை மணி நேரம் முன்னால் போய் செல்போனில் படமெடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். கூட்டத்தில் வேகமாகப் படித்துக்கொண்டு போகும்போது ஒன்றும் பிடிபடாது.

வரவில் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று வரும். மத்திய மானியத்தை எல்லாவற்றுக்கும் செலவழிக்க முடியாது. 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு 60 சதவீதத்தைக் கட்டிவைத்தது: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம்தான் ஊர் விருப்பத்துக்கு. "நிதி இல்லை" என்று பதில் வந்தால், எந்தத் தலைப்பில் இல்லை என்று கேளுங்கள். சாலைக்கு இல்லாமல் குடிநீர்த் தலைப்பில் பணம் சும்மா கிடக்கும் ஊராட்சிகள் உண்டு. வீட்டு வரி எவ்வளவு வசூலாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கேட்கிற தெருவே வரி பாக்கி வைத்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லிக் காட்டுவார்கள். இணையத்திலேயே கட்டலாம், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

செலவுப் பக்கத்தில் மூன்று இனங்களை வீட்டிலேயே சரிபார்க்க முடியும்.

முதலாவது பிளீச்சிங் பவுடர். குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது இங்கே வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டி ஒரு தடவைக்கு 120 கிராம், மாதம் 3.6 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 44 கிலோ. 25 கிலோ மூட்டை இரண்டு போதும். கணக்கில் இருபது மூட்டை என்றிருந்தால், மீதி எங்கே தெளித்தது, எந்தத் தேதியில் என்று இருப்புப் பதிவேட்டைக் கேட்கலாம். கேட்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: வாய்க்கால் ஓரம், குப்பை மேடு, மழைக்காலக் காய்ச்சல் சமயம் என்று பவுடர் நிறையச் செலவாகும். வாய் திறந்த மூட்டையில் குளோரின் பறந்துபோய், மூன்று நான்கு மாதத்தில் வீரியம் குறைந்து, கூடுதலாகக் கலக்க வேண்டியும் வரும். ஆகவே இது குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக இருக்கட்டும். அதே சமயம் தொட்டியைக் கழுவிய தேதி தொட்டியின் காலில் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். பழைய தேதி அழியாமல் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் அதுவே பதில்.

இரண்டாவது கரண்ட் பில். 7.5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 5.6 யூனிட் இழுக்கும். நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடினால் 22 யூனிட், மாதம் 670. மோட்டார் பழசென்றால் இதைவிடப் பத்து இருபது சதவீதம் கூடலாம். 20 வாட் எல்.இ.டி. விளக்கு அறுபது இருந்து இரவு 11 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 13 யூனிட், மாதம் 400. பில் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் காரணம் தெரு ஓரத்திலேயே கிடைக்கும்: பகலில் எரியும் விளக்கு, நிறைந்து வழியும் தொட்டி, ஆபரேட்டர் அணைக்க மறந்து இரவெல்லாம் ஓடும் மோட்டார். விளக்குக்குத் தானாக அணையும் டைமரும் தொட்டிக்கு மிதவை சுவிட்சும் பொருத்தத் தீர்மானம் கேளுங்கள். அந்தச் செலவை மின்கட்டணமே திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது "மோட்டார் பழுது". ஒரே மோட்டார் வருடத்தில் மூன்று நான்கு தடவை காயில் கட்டப் போயிருந்தால் மெக்கானிக்கை மாற்றிப் பயனில்லை. மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போன நேரத்தில் ஓடியிருக்கும், அல்லது கோடையில் போர் வற்றியபின் தண்ணீரில்லாமல் ஓடியிருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் பேஸ் விட்டால் அணைக்கும் கருவியும் தண்ணீர் இல்லாவிட்டால் அணைக்கும் கருவியும் இருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பல இடங்களில் கருவி இருக்கும், ஆனால் அடிக்கடி நின்றுபோகிறது என்று அந்தக் கருவியைத் தாண்டி ஒயரை நேராகப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கேதான் காயில் எரிகிறது.

கூட்டத்தில் பேசுவது

இரண்டு நிமிடம் போதும். தெருவிலிருந்து ஐந்து பேர் ஒரே விஷயத்தை ஐந்து விதமாகச் சொன்னால் எழுதுகிறவர் எதை எழுதுவார்? ஒருவர் சொல்லட்டும், மற்றவர்கள் "ஆமா, எங்க தெருவுக்கும் இதேதான்" என்று எழுந்து நிற்கட்டும். குடத்தைத் தூக்கிச் சுமக்கிற பெண்களில் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. பின்வரிசையில் உட்கார்ந்தால் மைக் எட்டாது, முன்னால் உட்காருங்கள்.

"அய்யா, வணக்கம். நாலாவது வார்டு மேற்குத் தெரு. பால் சொசைட்டியிலிருந்து தெருக்கடைசி வரை 180 மீட்டருக்குக் குழாய் இல்லை, 32 வீடு. மனு போன புதன்கிழமையே கொடுத்தாச்சு, முத்திரை போட்ட நகல் இதோ இருக்கு. தீர்மானம் எப்படி வரணும்னு எழுதியே கொண்டாந்திருக்கோம். படிக்கட்டுங்களா?"

எழுதியே கொண்டுபோவதுதான் இதில் முக்கியம். செயலருக்குப் பதினைந்து பொருளை ஒரே நாளில் எழுத வேண்டியிருக்கும். கையில் தயாராக ஒரு வாசகம் கிடைத்தால் அதையே ஒட்டி எழுதுவார். உதாரணத்துக்கு மேலே சொன்ன தெருவுக்கு இப்படி எழுதலாம்:

"4-வது வார்டு மேற்குத் தெருவில் பால் உற்பத்தியாளர் சங்கக் கட்டடம் முதல் தெருவின் மேற்குக் கோடி வரை சுமார் 180 மீட்டர் நீளத்துக்குக் குடிநீர்ப் பகிர்மானக் குழாய் இல்லாததால் 32 குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளன. மேற்படி நீளத்துக்குக் குழாய் பதித்து 32 வீட்டு இணைப்புகள் வழங்கவும், அதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளரிடமிருந்து 30 நாட்களுக்குள் பெறவும், மத்திய நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்தோ ஊராட்சிப் பொது நிதியிலிருந்தோ செலவு மேற்கொள்ளவும், பணி முன்னேற்றத்தை அடுத்த கிராம சபையில் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

இதில் "சுமார்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். ஓவர்சியர் அளக்கும்போது 186 மீட்டர் வந்தால் தீர்மானமும் மதிப்பீடும் முரண்படாமல் அந்தச் சொல் காப்பாற்றும். "வேண்டிய நடவடிக்கை", "விரைவில்", "நிதி நிலைக்கேற்ப" ஆகிய மூன்றும் வந்தால் மென்மையாக ஆட்சேபியுங்கள். முதலிரண்டுக்குப் பதில் ஒரு வேலையும் ஒரு தேதியும், மூன்றாவதற்குப் பதில் ஒரு நிதித் தலைப்பு.

யார் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டி அதைத் தீர்மானமாக்கச் சொல்ல வேண்டாம். அந்த நொடியில் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும், உங்கள் குழாய் மறந்துபோகும். கணக்கில் சந்தேகம் இருந்தால் "இன்ன பணியின் வவுச்சர், அளவுப் புத்தகம், இருப்புப் பதிவேடு ஆகியவற்றை அடுத்த கிராம சபையில் பார்வைக்கு வைக்க வேண்டும்" என்று தீர்மானம் கேளுங்கள். எம் புக் என்கிற அந்த அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளத்தையும் தெருவில் கிடக்கிற சிமெண்ட் சாலையின் நீளத்தையும் யார் வேண்டுமானாலும் நாடா பிடித்து ஒப்பிடலாம். வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் வரும்போது "பட்டியல் ஏற்கப்பட்டது" என்று முடிக்க விடாமல், ஒவ்வொரு பெயரையும் தெருவோடு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தகுதியில்லாத பெயர் நழுவி நுழைவதும், தகுதியான விதவையின் பெயர் விடுபடுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியவரும்.

கலைவதற்கு முன், எழுதிய தீர்மானங்களைப் படிக்கக் கேளுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தேநீர் வந்ததும் கூட்டம் கரைந்துவிடும், தீர்மானம் மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்படும், அப்போது 180 மீட்டர் "தெருப் பகுதி"யாகச் சுருங்கிவிடும். படிக்க நேரமில்லை என்றால் உங்கள் பொருளை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள், தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் விடாமல் தலைமை வகித்தவர் கையெழுத்திட வேண்டும். எழுத மறுத்தால் பற்றாளரிடம் அதே வாசகத்தைக் கொடுத்து, "இது கூட்டத்தில் வைக்கப்பட்டது, பதிவு செய்யப்படவில்லை" என்று அவர் அறிக்கையில் சேர்க்கக் கேளுங்கள். அவர் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவர்.

கூட்டத்துக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் தீர்மான நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம். "நடவடிக்கை என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இன்ன தேதி கிராம சபையின் இன்ன எண் தீர்மானத்தின் சான்றிட்ட நகல், அதன்மேல் தயாரித்த மதிப்பீட்டின் நகல், நிர்வாக அனுமதி ஆணை நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நகல் கைக்கு வந்தபின் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மதிப்பீடு வரவில்லை என்றால் ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவு. மதிப்பீடு வந்து அனுமதி வரவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். அனுமதி வந்து ஒப்பந்தம் விடவில்லை என்றால் ஊராட்சி. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களில் வேலை இந்த இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். அங்கே நிற்கிறதென்று தெரிந்தால் ஓவர்சியரிடம் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. மாவட்டத்தில் ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். இரண்டிலும் தீர்மான நகலை இணைக்க வேண்டும். நகல் இணைத்த மனுவை "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் எழுதி முடிப்பது கடினம்.

அடுத்த கிராம சபைக்கு அதே நகலையும், வேலை நடக்காத தெருவின் தேதியிட்ட படத்தையும் எடுத்துப் போங்கள். பொருள் நிரல் தொடங்கியவுடன், புதிதாக ஏதும் பேசுவதற்கு முன், முந்தைய கூட்டத் தீர்மானங்கள் மேல் எடுத்த நடவடிக்கையைப் படிக்கச் சொல்லி எழுந்து நில்லுங்கள்.